கடற்பாசிச் செல்வம் யாருக்கு?

கடல் தரும் செல்வம் என்றதும் மீன் நினைவுக்கு வரும். உப்பும் முத்தும் சங்கும் நினைவுக்கு வரும். பாசி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. குளத்துப் படியில் காலை வழுக்கி விடுவது, தொட்டித் தண்ணீரைப் பச்சையாக்குவது என்ற அளவில்தான் பாசிக்கு மதிப்பு. ஆனால் மதிப்பில்லாத இந்தப் பொருள் ஒரு நாள் கிடைக்காமற் போனால், முதலில் திண்டாடுவது பெரிய ஆஸ்பத்திரிகளாகத்தான் இருக்கும்.

ரம்ஜான் மாதத்தில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நோன்பு திறக்கும் வேளையில், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, கட்டி கட்டியாக வெட்டி வைக்கும் 'கடல்பாசி' பலருக்குத் தெரிந்த பண்டம். மளிகைக் கடையில் அதே சரக்கு 'சைனா கிராஸ்' என்ற பெயரில் வெள்ளை இழைகளாகக் கிடைக்கிறது. பெயரில் புல் இருக்கிறதே தவிர, அது புல் அல்ல. கடலில் விளையும் சிவப்புப் பாசி இனங்களை வேகவைத்து எடுக்கும் கூழ். விஞ்ஞானிகள் அதை அகார் என்பார்கள்.

காய்ச்சல் இறங்காத நோயாளியின் ரத்தத்தையோ சிறுநீரையோ எடுத்து 'கல்ச்சர்' பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். சோதனைச்சாலையில் பெரும்பாலும் இந்தக் கூழ் பரப்பிய தட்டின் மேல்தான் கிருமியை வளர்க்கிறார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைத்துப் பார்ப்பதும் இதே கூழின் மேல்தான். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு தட்டில் பூஞ்சக்காளான் படிந்திருப்பதையும், அதைச் சுற்றிலும் கிருமிகள் கரைந்து போயிருப்பதையும் கண்டு பெனிசிலினுக்கு வழி திறந்தாரே, அந்தத் தட்டில் இருந்ததும் அகார்தான். பாசி தந்த மேடையில் பூஞ்சக்காளானும் பாக்டீரியாவும் மோதிக்கொண்டதன் பலனாக உலகத்துக்கு ஒரு மருந்து கிடைத்தது எனலாம்.

இத்தனை உபயோகமான பொருளுக்கு மூலமான பாசியைக் கடலிலிருந்து பறித்து வருகிறவர்கள் யார், அவர்களுக்கு அதில் கிடைக்கும் பங்கு என்ன என்ற கேள்வி கேட்கப்பட வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சமையலறை தந்த யோசனை

சோதனைச்சாலைக்குள் அகார் நுழைந்த கதையே ஒரு பெண்ணின் கதை. 1881-ம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் காக் என்ற மேதை கிருமிகளைத் தனித்தனியே பிரித்து வளர்க்க வழி தேடிக்கொண்டிருந்தார். மாட்டெலும்பு, தோல் முதலியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலாட்டினைத்தான் அவர் முதலில் உபயோகித்தார். அதில் இரண்டு தொல்லைகள். கோடை வந்தால் ஜெலாட்டின் உருகி ஓடிவிடும். அதோடு சில கிருமிகள் ஜெலாட்டினையே தின்று தண்ணீராக்கிவிடும்.

காக்கின் சோதனைச்சாலையில் வேலை பழக வந்திருந்த வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டரும் இதே தொல்லையால் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி பேனி ஹெஸ்ஸே நியூயார்க்கில் பிறந்தவர். கணவருடைய ஆராய்ச்சிக்குக் கூடமாட உதவி, கட்டுரைகளுக்குப் படமும் வரைந்து கொடுத்து வந்தவர். வெயில் காலத்திலும் அவர் வீட்டுப் பழக்கூழ் மட்டும் இறுகியே நிற்பதன் ரகசியம் என்ன என்று கணவர் கேட்டார். அகார் சேர்ப்பதுதான் ரகசியம் என்றார் மனைவி. ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டார் ஒருவரிடம் இளமையில் கற்றுக்கொண்ட பக்குவம் அது.

அகாரின் குணம் விசித்திரமானது. உருக வேண்டுமானால் ஏறக்குறைய 85 டிகிரி சென்டிகிரேடு சூடு வேண்டும். ஆனால் உருகியது மறுபடி இறுகுவதோ 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான். ஆகவே மனித உடம்பின் சூட்டில் அது இளகாமல் நிற்கும். அதைத் தின்று கரைக்கக்கூடிய கிருமிகளும் மிகச் சில. நோய்க் கிருமிகளை உடம்பின் சூட்டிலேயே நாள்கணக்கில் வளர்த்துப் பார்க்க இதைவிடத் தோதான பொருள் வேறில்லை.

ஹெஸ்ஸே இதைக் காக்குக்குத் தெரிவித்தார். 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் காக் அகாரைக் குறிப்பிட்டார். அந்த யோசனை யாருடையது என்பதைக் குறிப்பிடவில்லை. ஹெஸ்ஸே தம்பதிகளுக்கு இதனால் ஒரு காசும் வரவில்லை. 1887-ல் மூடியுள்ள கண்ணாடித் தட்டை அமைத்த பெட்ரியின் பெயர் உலகமெங்கும் சோதனைச்சாலைகளில் வழங்குகிறது. தட்டில் ஊற்றும் கூழைக் காட்டிக் கொடுத்தவர் பெயரை அறிந்தவர் வெகு சிலரே.

பனியில் பிறந்த தொழில்

அகாரைத் தொழிலாக வளர்த்தவர்கள் ஜப்பானியர். 17-ம் நூற்றாண்டில், விடுதிக்காரர் ஒருவர் மீந்துபோன பாசிக் கூழை மார்கழிக் குளிர் போன்ற ஒரு கடும் குளிரில் வெளியே கொட்டினார் என்றும், அது இரவில் உறைந்து, பகலில் நீர் வடிந்து, சில நாளில் காய்ந்த சருகு போலாகிவிட்டது என்றும், அதை மறுபடி காய்ச்சியபோது முன்னைவிடத் தெளிந்த கூழ் கிடைத்தது என்றும் ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. உறைய வைத்து உருக விடும் அந்த முறை பின்னர் பெருந்தொழிலாயிற்று. 'குளிர்ந்த வானம்' என்ற பொருள்படும் 'கான்டென்' என்பதே அங்கே அகாருக்குப் பெயர்.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன் உலகத்து அகார் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்தது. 1941-ல் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த வரத்து நின்றுவிட்டது. வாணங்களும் வெடிகுண்டுகளும் இருந்தும், கிருமி வளர்க்கக் கூழ் இல்லை என்ற நிலை நேச நாடுகளுக்கு ஏற்பட்டது. அமெரிக்கா தன் கையிருப்பைக் கட்டுப்படுத்தி வைத்தது. பிரிட்டனில் கரையோர மக்களைக் கொண்டு பாசி பொறுக்கினார்கள். நியூஸிலாந்தில் புதிதாக ஒரு தொழிலே எழுந்தது. இந்தியாவிலும் தன் கடற்கரையில் விளையும் பாசியிலிருந்து அகார் எடுக்க முடியுமா என்ற ஆராய்ச்சி அப்போதுதான் தீவிரமாகத் துவங்கியது.

யுத்தம் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் இந்தச் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. முதல்தரமான அகாருக்கு வேண்டிய பாசியை இன்னமும் இயற்கையாக விளையும் இடத்திலிருந்துதான் பெரும்பாலும் பறிக்க வேண்டியிருக்கிறது. மொராக்கோ நாடு தன் கடலில் பாசி அழிந்துவிடக்கூடாது என்று ஏற்றுமதியைக் குறைத்தபோது, 2015-ல் உலகமெங்கும் சோதனைச்சாலைகளில் அகாருக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒரு நாட்டுக் கரையில் பாசி குறைந்தால் உலகத்தின் மறுகோடியில் சோதனைச்சாலை தவிக்கிறது.

மன்னார் வளைகுடாவில்

இந்தியாவில் இந்தச் செல்வம் செழித்த இடங்களில் முதன்மையானது மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை 21 தீவுகள்; அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள்; பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் பாசிகள். ராமநாதபுரம் கரையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. முதல்தரமான அகார் தருவது மரிக்கொழுந்துப் பாசி. சமையலுக்கான அகார் தருவது கஞ்சிப் பாசி. பெயரே அதன் உபயோகத்தைச் சொல்கிறது. கட்டக்கோரை என்பது பழுப்பு நிறப் பாசி. அதிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்ற பொருள் துணிக்குச் சாயம் அச்சிடவும், பல் வைத்தியர் பல்லின் அச்சு எடுக்கவும் பயன்படுகிறது.

1947-ல் சென்னையில் துவக்கப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் 1949-ல் மண்டபத்துக்கு வந்தது. அங்கே பிரான்செஸ்கா திவி என்ற பெண் விஞ்ஞானி இந்தியப் பாசிகளையும் அவற்றின் அகாரையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். குடிசைத் தொழிலாகவே அகார் எடுக்கலாம் என்று மண்டபத்து ஆராய்ச்சி அந்நாளிலேயே காட்டியது. பாசியைக் கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறைய வைத்து, வெயிலில் காயவைப்பது, கருவாடு போடத் தெரிந்த ஊருக்கு எட்டாத வித்தை அல்ல. ஆனால் தொழில் வளர்ந்த இடம் கடற்கரை அல்ல. மதுரையைச் சுற்றித்தான் அகார் ஆலைகள் எழுந்தன. கரைக்கு மிஞ்சியது பறிப்பதும் உலர்த்துவதும் மட்டுமே.

நீரில் நிற்கும் பெண்கள்

அந்தப் பறிக்கும் வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாட்டி, தாய், மகள் என்று தலைமுறையாக வரும் தொழில் இது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர்மட்டம் இறங்கும் நாட்களில் விடியுமுன் எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, படகில் தீவுக்குப் போகிறார்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி. காலுக்கு ரப்பர் செருப்பு. விரல்களில் சுற்றிய துணிக் கிழிசல். இடுப்பில் ஒரு வலைப்பை. இவைதான் கருவிகள். இடுப்பளவிலும் கழுத்தளவிலும் நின்று, மூச்சடக்கி முழுகி, பாறையில் ஒட்டிய பாசியைக் கையால் கிள்ளி எடுக்கிறார்கள். பாறை கையைக் கிழிக்கும். உப்பு நீர் அந்தப் புண்ணை ஆறவிடாது. ஜெல்லி மீன் சுட்டால் உடம்பு தடித்துவிடும். மணிக்கணக்கில் இப்படி நீரில் நின்ற பிறகு, கரைக்கு வந்து ஈரப் பாசியைச் சுமந்து மணலில் பரப்ப வேண்டும்.

ஈரமாக மலைபோல் தெரியும் பாசி காய்ந்ததும் கைப்பிடியாகச் சுருங்கிவிடும். எடை போடுகிறவரும் விலை சொல்கிறவரும் ஒருவரே. மழைக்காலத்தில் வீட்டில் அடுப்பெரிய முன்பணம் வாங்கியவருக்கு, சரக்கை வேறு இடத்தில் விலை கேட்கும் உரிமை இல்லை. பாசியின் தரம் என்ன, அதிலிருந்து எவ்வளவு அகார் வரும், ஆலையில் என்ன விலை என்ற விவரம் ஒன்றுமே பறிப்பவருக்கு எட்டுவதில்லை. விவரம் தெரியாத இடத்தில் பேரம் எப்படி நடக்கும்? பேனி ஹெஸ்ஸேக்குப் பெயர் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள், இந்தப் பெண்களுக்கு நியாயமான விலை கிடைக்கிறதா என்று விசாரிப்பதும் முறைதானே?

பூங்காவும் பிழைப்பும்

1986-ல் இந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1989-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் கடற்பசுவும் கடல்புல் படுகையும் காக்கப்பட வேண்டியவை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல காலம் பாறையை வெட்டியதன் பலனாகத் தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 2010-லும் 2016-லும் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்து மடிந்தன. பாசியைக் கண்மூடித்தனமாக இரும்புக் கருவி கொண்டு சுரண்டினால் அடியோடு போய்விடும், பாறையும் உடையும். ஆகவே கட்டுப்பாடு வேண்டியதுதான்.

ஆனால் கட்டுப்பாடு என்பது எளியவர் தலையில் மட்டும் விடிவது நியாயமாகாது. பூங்கா எல்லை வரைந்த நாளிலிருந்து, பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுக்குப் போவதே குற்றம் என்ற நிலை இப்பெண்களுக்கு வந்தது. இழுவலை கொண்டு அடிமண்ணோடு வாரிச் செல்லும் விசைப்படகையும், கையால் கிள்ளும் பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்துவது சட்டத்தின் கண்ணுக்குச் சரியாக இருக்கலாம். கடலின் கண்ணுக்குச் சரியாகாது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெண்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, தாங்களே சில விதிகளை வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் பறிப்பது. கோடையில் பாசி தழைக்கும் பருவத்தில் 45 நாள் கடலில் இறங்காமலிருப்பது. இரும்புச் சுரண்டியைக் கைவிட்டுக் கையாலேயே எடுப்பது. அடிவேர் போன்ற பற்றைப் பாறையில் விட்டுவிட்டு நுனியைக் கிள்ளினால் பாசி மறுபடி தழைக்கும் என்பது புத்தகம் படித்து வந்த அறிவல்ல. நீரில் நின்று வந்த அறிவு. ஜீவனமே அதில் இருக்கிறவர்தான் அதை அழியாமல் காப்பதிலும் அக்கறை கொள்வார். காவல் என்ற பெயரில் அவரை விரட்டுவது, தோட்டக்காரனைத் துரத்திவிட்டுத் தோட்டத்தைப் பூட்டுவது போன்றது.

வந்தேறிய பாசி

பறிப்பதற்குப் பதிலாகப் பயிரிடலாமே என்ற யோசனை நல்லது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1970-களில் பரவிய கப்பாபைகஸ் என்ற பாசிப் பயிர் அப்படித்தான் இங்கே வந்தது. ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்ற கூழ் அதில் கிடைக்கிறது. பவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையம் 1980-களில் அதைக் கொண்டுவந்து சோதித்து, பின் மண்டபம் பகுதியில் வளர்த்தது. மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி, கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துவிட்டால் 45 நாளில் அறுவடை. மண்டபம், பாம்பன் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது கைக்காசு தந்தது. குளிர்பானக் கம்பெனி ஒன்று இதில் ஈடுபட்டதால், அந்தக் கம்பெனியின் பெயராலேயே ஊரார் பாசியை அழைக்கலானார்கள்.

ஆனால் தெப்பத்திலிருந்து பிய்ந்துபோன பாசி சும்மா இருக்கவில்லை. குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் அது படர்ந்து மூடியிருப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். பூங்காப் பகுதியை விட்டு விலகி, பாக் விரிகுடாப் பக்கம் பயிர் செய்யும்படி 2005-லேயே தமிழ்நாடு அரசாங்கம் உத்தரவிட்டிருந்தது. பிறகு இன்னொரு சோதனையும் வந்தது. 2013-க்குப் பின் வெப்பமும் நோயும் சேர்ந்து பயிரை மடியச் செய்தன, விளைச்சல் சரிந்தது. ஒரே தாய்ச் செடியின் துண்டுகளைத் திரும்பத் திரும்ப நட்டு வளர்த்த பயிருக்கு நோயைத் தாங்கும் சக்தி குறைவதில் ஆச்சரியம் இல்லை. ஊருக்கு ஒத்த பயிரா என்று பாராமல் வந்த பயிரையெல்லாம் நம்பினால், கடன் வாங்கித் தெப்பம் கட்டியவர்தான் கஷ்டத்துக்கு ஆளாவார்.

செய்ய வேண்டியது என்ன?

இப்போது சர்க்காருக்குப் பாசியின் மேல் கண் விழுந்திருக்கிறது. உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3½ கோடி டன் பாசி பயிராகிறது. சீனாவும் இந்தோனேசியாவும் அதில் முன்னணியில் நிற்கின்றன. இந்தியாவின் பங்கு கணக்கில் தெரியாத அளவு. 2020-ல் துவங்கிய மத்திய மீன்வளத் திட்டத்தில் கடற்பாசிக்கென்று ரூ.640 கோடி ஒதுக்கப்பட்டது. ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் ரூ.127 கோடிக்கு மேலான செலவில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் கோடிக்கணக்கைப் பார்த்து மகிழுமுன், அந்தக் கோடிகள் எந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, பாசி எடுக்கும் பெண்களைத் தொழிலாளர்களாக ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் தீவில், எந்த நாட்களில், எந்த முறையில் எடுக்கலாம் என்பதை வனத்துறையும் அவர்களும் உட்கார்ந்து பேசி எழுதிவைக்கட்டும். விதியை மீறுகிறவரைக் கண்டிக்கும் பொறுப்பையும் அவர்களுடைய சங்கத்திடமே விடலாம். எடுக்காத 45 நாட்களுக்கு உதவித்தொகையும், நீரில் ஏற்படும் விபத்துக்கு இன்ஷூரன்ஸும் கட்டாயம் வேண்டும். பாசியைக் காக்க அவர்கள் பட்டினி கிடப்பதென்றால், அந்தக் காவலின் செலவு நாட்டினுடையதே தவிர அவர்களுடையது அல்ல.

இரண்டாவது, எடையும் தரமும் விலையும் வெளிப்படையாக வேண்டும். கரையோரக் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சரியான தராசும், சிமென்டுக் களமும், மழையில் நனையாத கிடங்கும் தந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மணலும் சிப்பியும் கலந்த சரக்குக்கும் சுத்தமான சரக்குக்கும் உள்ள விலை வித்தியாசம் பறித்தவர் கைக்கே வந்து சேரும். முன்பணத்துக்கு வியாபாரியை நாடாமல் சங்கத்திலேயே கடன் கிடைக்குமானால், சரக்கும் சங்கத்துக்கே வரும்.

மூன்றாவது, அகார் எடுக்கும் வேலையில் ஒரு பகுதியாவது கரையிலேயே நடக்க வேண்டும். மண்டபத்தில் அன்று காட்டிய குடிசைத் தொழில் முறையை இன்றைய வசதிகளோடு புதுப்பித்தால், உப்புநீரில் நின்று தேய்ந்த உடம்புக்குக் கரையில் ஒரு வேலை உண்டாகும். சோதனைச்சாலைக்கு வேண்டிய உயர்தர அகாரைப் பெரிய ஆலை செய்யட்டும். சமையலுக்கான அகாரை ஊர்ச் சங்கம் செய்யலாமே. ராமநாதபுரத்துப் பாசியில் எடுத்த கூழ் 'சைனா' என்ற பெயரோடுதான் விலை போக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை.

நான்காவது, பயிரிடுவதில் உள்நாட்டுப் பாசிக்கு முதல் இடம் தர வேண்டும். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்தும் இந்தக் கடலிலேயே பிறந்தவை. பாறைக்குப் பகையானவை அல்ல. அவற்றைக் கயிற்றில் வளர்க்கும் முறையில் ஆராய்ச்சி நிலையங்கள் செய்திருக்கும் சோதனைகள் தெப்பத்துக்கு வரவேண்டும். நோயற்ற விதைப் பாசியை ஆண்டுதோறும் தர ஏற்பாடு வேண்டும். பயிர் மடிந்தால் நஷ்டஈடும் வேண்டும். நெல்லுக்கு உள்ள நியாயம் பாசிக்கும் உண்டு.

பாசி கடலின் பொது உடைமை. அதை எடுத்து, உலகத்தின் உடல்நலத்துக்கு உதவும் பொருளாக்குவது நல்ல காரியம். ஆனால் எடுப்பவரைப் பட்டினி போட்டு நடக்கும் தொழில் நிலைக்காது. பட்டினியால் துரத்தப்படுகிறவர் தன் விதியையும் மறந்து அடியோடு சுரண்டத்தான் செய்வார். அப்போது பாசியும் போய்விடும், பாறையும் போய்விடும், ஆலையும் மூடப்படும். பறிப்பவருக்கு நியாயமான பங்கு தருவது தர்மம் மட்டும் அல்ல. தொழிலைக் காக்கும் சிக்கனமான வழியும் அதுவே. வளமாவூர்ப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியவர்கள், அதன் நிர்வாகத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குவார்களானால் அந்தக் கல் உறுதியாக நிற்கும்.